விறகடுப்பும் வலது இதயமும்
(சங்கரன்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



ஆஞ்சியோ, எக்கோ, ஸ்டென்ட் என்ற சொற்களை இன்று சங்கரன்கோவிலில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தெருவுக்கு ஒருவராவது திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போய் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆகவே கருவிகளின் பெருமையைப் பாடப் போவதில்லை. கருவி கைக்கு வந்த பிறகும் நோயாளியின் அடுப்படியை விசாரித்த ஒரு மருத்துவரைப் பற்றிப் பேசுகிறேன்: டாக்டர் எஸ். பத்மாவதி.

சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி 1917இல் பர்மாவில் பிறந்தார். தந்தை வக்கீல். மகள் ரங்கூன் மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்த கையோடு போர் வந்தது. 1942இல் தாயோடும் சகோதரிகளோடும் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். வீட்டு ஆண்கள் பர்மாவிலேயே தங்கிவிட்டார்கள். போர் ஓய்ந்த பிறகுதான் குடும்பம் ஒன்றுகூடியது. அதன் பிறகு மேற்படிப்புக்கு லண்டன், பின்னர் அமெரிக்கா.

அமெரிக்காவில் அவருக்கு வாய்த்த ஆசிரியர்களைச் சொல்லியாக வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹெலன் டாசிக். உடல் நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளுக்கு 1944இல் நடந்த புகழ்பெற்ற அறுவைச் சிகிச்சைக்கு வழி சொன்னவர். அவருக்குக் காது மங்கிக்கொண்டே வந்தது. ஸ்டெதாஸ்கோப்பை மட்டும் நம்பியிருக்க முடியாதவர், குழந்தையின் மார்பில் கைவைத்துத் துடிப்பை உணர்ந்தார். எக்ஸ்ரே திரையில் நிழலாக ஆடும் இதயத்தைக் கோணம் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஹார்வர்டில் பால் டட்லி ஒயிட். 1955இல் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது அழைக்கப்பட்டவர். மருந்துச் சீட்டோடு நடையையும் சைக்கிளையும் சேர்த்தே பரிந்துரைத்தவர். இதயத்தைப் பார்க்க ஒருவர், அது கெடாமல் காக்க ஒருவர் என்று பத்மாவதிக்கு இரண்டு குருமார்.

1953இல் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு இதய நோய்ப் பிரிவு. ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு கதீட்டர் கூடம். கை ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே துணையோடு இதயத்தின் வலப்பக்க அறைகளுக்குள் கொண்டுபோய், ரத்தத்தின் அழுத்தத்தை அங்கேயே அளக்கும் முறை அது. வட இந்தியாவுக்கு அன்று புதுமை.

அப்படி அளந்த நோயாளிகள் சிலரிடம் நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் எகிறி, அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளியே வலது இதயம் வீங்கிப்போயிருந்தது. கால் வீக்கம், மூச்சிரைப்பு, குளிர்காலத்தில் இன்னும் மோசம். மேலைநாட்டுப் புத்தகங்களில் இது வயதான ஆண்களின் நோய். புகைபிடிப்பவர்கள், சுரங்கத்தில் உழைத்தவர்கள். டெல்லியிலோ பெண்களும் ஏராளமாக வந்தார்கள், அதுவும் இளவயதில். பீடியைத் தொடாதவர்களுக்கு இது எப்படி வந்தது? பத்மாவதியும் அவருடைய சக ஆய்வாளர் பதக்கும் 127 நோயாளிகளை ஆராய்ந்து 1959இல் எழுதினார்கள். சிறுவயது முதலே சாணி வரட்டியும் விறகும் எரிக்கும் அடுப்பின் முன்னால் குனிந்து சுவாசித்த புகையை அதில் சுட்டிக்காட்டினார்கள். என் கணக்கில் அவருடைய விருதுகள் எல்லாவற்றையும்விட அந்தக் கட்டுரை உயர்ந்தது. கதீட்டர் காட்டியது அழுத்தத்தை மட்டுமே. அடுப்பைக் காட்டியது அவர் கேட்ட கேள்வி.

தமிழ்நாட்டில் 2007 வாக்கில் வீடுகளுக்கு இலவச எரிவாயு அடுப்பு வந்தபோது அதை வாக்குக்கான இனாம் என்றே பேசினோம். நான் அதை இதயத்துக்கான திட்டமாகவும் பார்க்கிறேன். எந்த இதய நோய்ப் பிரிவும் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளாது.

பத்மாவதி 1962இல் அகில இந்திய இதய அறக்கட்டளையைத் தொடங்கினார். 1967இல் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பேற்று, இதயவியலில் டி.எம். படிப்பைக் கொண்டுவந்தார். 1981இல் தேசிய இதயக் கழகம். பத்ம பூஷண், பத்ம விபூஷண் இரண்டும் கிடைத்தன. தொண்ணூறு வயது தாண்டியும் நீந்தினார், நோயாளிகளைப் பார்த்தார். 2020 ஆகஸ்டில் கொரோனா அவரைக் கொண்டுபோனபோது வயது 103.

அவர் விடாமல் பின்தொடர்ந்த இன்னொரு நோய் ருமாட்டிக் இதய நோய். குழந்தைக்குத் தொண்டைவலி வந்துபோகும். மூட்டு வீங்கி வடியும். வால்வு மட்டும் வருடக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி தவறாமல் போட்டால் தடுக்கலாம். விலை அற்பம். ஆனால் ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்திலோ அறுவடை மும்முரத்திலோ ஊசித் தேதி மறந்துபோகும். இங்கே டாக்டரைவிட, வீடு தேடிப் போய் நினைவூட்டும் செவிலியரே பெரியவர்.

நம் ஊர்ப் பிரியாணியை நிறுத்தச் சொல்வேனோ என்று சிலர் முகத்தில் கலவரம் தெரிகிறது. சொல்ல மாட்டேன். வாரத்தில் எத்தனை நாள் என்பதை மட்டும் டாக்டரிடம் குறைக்காமல் சொல்லுங்கள். நடு நெஞ்சு இறுக்கி வியர்த்துக் கொட்டினால் 'வாயு' என்று சோடா குடித்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் துணை சுகாதார நிலையங்களிலும் முதலுதவி மாத்திரைகள் இருக்கின்றன. அங்கே போய்விட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

முன்வரிசையில் இடம்பிடித்திருக்கும் செவிலியர் பயிற்சி மாணவியருக்கு ஒரு வேலை. கேஸ் ஷீட்டில் 'தொழில்' என்ற வரியில் பெண்களுக்கு 'இல்லத்தரசி' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நாளை முதல் அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு விவரம் சேருங்கள்: வீட்டில் எதை எரித்துச் சமைக்கிறார், பீடி சுற்றுகிறாரா, எத்தனை வருடமாக.