ஏரிக்கரையில் ஒரு வாரம்

செங்கற்பட்டுச் சீமைக்கு ஏரி மாவட்டம் என்ற பெயர் நெடுங்காலமாக உண்டு. மழை நீரை மண்கரை கட்டித் தேக்கி உழுது பிழைத்த நாடு அது. உத்திரமேரூரில் 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுக்கள் ஏரி வாரியம் என்ற ஒரு குழுவைக் குறிப்பிடுகின்றன. நாம் அதைப் பாடப் புத்தகத்தில் படித்துப் பெருமைப்படுகிறோம். மழைக்கால இரவில் அந்த வாரியத்தாருக்கு என்ன வேலை இருந்திருக்கும் என்பதை 2015-ஆம் ஆண்டில் ஒரு வாரம் எனக்குக் காட்டிற்று.

அப்போது நான் கல்லூரி மாணவன். மழைக்காக விடுமுறை விட்டிருந்தார்கள். மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள மாமாவின் ஊருக்குப் போனேன். பலகாரமும் தூக்கமுமாகப் பொழுது போகும் என்பது என் கணக்கு. நவம்பர் 30, திங்கட்கிழமையன்றே ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்துகொண்டிருந்தது. ஏரி கொள்ளாத நீர் தானே வெளியேறுவதற்காகக் கட்டிய தாழ்ந்த கற்சுவருக்குத்தான் கலங்கல் என்று பெயர்.

மறுநாள் பெய்த மழையை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47. இரவு பத்து மணிக்கு ஊர் நீர்க்கட்டி வந்து கதவைத் தட்டினார். எழுபது வயதுக் கிழவர். கையில் லாந்தரும் கோலும். மாமாவும் நானும் அவர் பின்னே கரைமேல் நடந்தோம்.

“தம்பி, கரைக்கு வெளியே கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் பயப்படாதே. கலங்கி வந்தால் கூப்பிடு” என்றார் அவர். கலங்கல் நீரில் கரையின் மண்ணே கரைந்து போகிறது என்பது பொருள். நண்டு வளையாகத் தொடங்கியது, விடிவதற்குள் வண்டி நுழையும் உடைப்பாகிவிடும்.

மதகுக்குச் சற்றுத் தள்ளி, கரையின் அடியில் அப்படி ஓர் ஊற்றைக் கண்டோம். நான் ஒரு மணல் மூட்டையை அதன்மேல் போடப் போனேன். கிழவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். வாயை அடைத்தால் நீர் வேறிடத்தில் பீறிடுமாம். ஊற்றைச் சுற்றிக் கிணற்றுச் சுவர் போல மூட்டைகளை அடுக்கச் சொன்னார். உள்ளே நீர் ஏற ஏற, அதன் பாரமே ஊற்றை எதிர்த்து அழுத்தியது; வேகம் தணிந்தது. பின்பு மேலே வழிந்த நீர் தெளிந்திருந்தது. இந்தப் பௌதிகத்தை நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். கரையில் அது நினைவுக்கு வரவில்லை.

புதன்கிழமை பொழுது விடிந்தபோது, கரையின் தலைக்கு ஒரு சாண் கீழே நீர் நின்றது. கலங்கல் இருந்தும் ஏன் வடியவில்லை? அதன் கீழே ஓடும் ஓடையைச் சீமைக் கருவேலம் அடைத்திருந்தது. போதாததற்கு, ஓடையின் பாதி அகலத்தில் யாரோ வரப்புப் போட்டு நெல் நட்டிருந்தார்கள். வெளியேறிய நீர் போக வழியின்றித் தேங்கிக் கலங்கலையே மூழ்கடித்துவிட்டது. வடகோடியில் கரையை வெட்டிவிடலாம் என்று சில இளைஞர்கள் கடப்பாரையுடன் புறப்பட்டார்கள்.

“அந்தத் தண்ணீர் எங்கே போகும்? கீழேரிக்குத்தானே? அது உடைந்தால் அதற்கும் கீழே ஓர் ஏரி இருக்கிறது” என்றார் கிழவர். செங்கற்பட்டு ஏரிகள் பல இப்படிச் சங்கிலி கோத்தவை; ஒன்றின் மிச்சம் அடுத்ததன் வரவு. கீழூருக்கு உடனே இரண்டு பேரைச் செய்தி சொல்ல அனுப்பினார். பிறகு ஓடையைப் பார்த்தார். அந்த வயல் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியுடன் இறங்கினார். கதிர் வாங்கும் பருவத்துப் பயிர். தாம் போட்ட வரப்பைத் தாமே வெட்டினார். நீர் சீறிக்கொண்டு பயிரோடு போயிற்று. மற்றவர்கள் மாலைவரை கருவேலம் வெட்டினோம். என் உள்ளங்கைகளில் முள் ஏறாத இடமில்லை. பொழுது சாயும் வேளையில் கிழவரின் கோலில் நீர் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மழை விட்டு விட்டுப் பெய்தது. முறைவைத்துக் கரையைச் சுற்றினோம். சொல்லும்படியாக ஒன்றும் நேரவில்லை. சனிக்கிழமை கீழூரார் நால்வர் வந்து, தங்கள் ஏரியும் நின்றுவிட்டது என்று சொல்லிப் போனார்கள்.

ஞாயிறன்று நான் ஊர் திரும்பினேன். வழியனுப்ப வந்த மாமா ஓடையருகே சற்று நின்றார். அவர் வயல் இருந்த இடத்தில் முழங்காலளவு நீர் ஓடிக்கொண்டிருந்தது; ஓரத்தில் வரிசையாகக் கொக்குகள். “இவர்களுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டேன்” என்றார். பேருந்து வரும் வரையில் வேறொன்றும் பேசவில்லை.