பயம் இல்லாமலா ஏறுகிறோம்?



நான் 18 வருஷமாகச் சித்தாள் வேலை பார்க்கிறேன். "பெல்ட் போடாம சாரத்துல ஏறுறீங்களே, உயிர்மேல பயமே இல்லையா?" என்று பலபேர் கேட்கிறார்கள். பயம் இருக்குங்க. எல்லாருக்கும் இருக்கு.

காலையில் முக்கு ரோட்டில் நிற்போம். மேஸ்திரி கை காட்டினால்தான் அன்றைக்குக் கூலி. "பலகை ஆடுது, கயிறு நைஞ்சிருக்கு" என்று சொன்னால் அவர் திட்டமாட்டார். நாளைக்கு வேற ஆளைக் கூப்பிடுவார், அவ்வளவுதான். சாரத்தைப் பிரித்துக் கட்டினால் காண்ட்ராக்டருக்கு அரை நாள் நஷ்டம். ஹெல்மெட் போட்டால் சும்மாடு நிற்காது, சட்டியை எங்கே வைப்பது? நேற்று ஒன்றும் ஆகவில்லை, இன்றைக்கும் ஆகாது என்று மனசும் பழகிப்போகுது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாசம். ராத்திரி முழுக்க மழை. பலகை வழுக்கும் என்று தெரிந்தேதான் ஏறினேன். மறுநாள் குழுவில் தவணை கட்டணும். போன மாசத் தவணையும் பாக்கி. எப்படி முகத்தில் முழிப்பது என்ற வெட்கம். முதல் மாடியிலிருந்து மணல் குவியலில் விழுந்தேன். இடது கை உடைந்தது. மூணு மாசம் வேலை இல்லை. நல வாரிய அட்டையையும் புதுப்பிக்காமல் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன்.

அந்த மூணு மாசத் தவணையை யார் கட்டினாங்க தெரியுமா? யாருக்குப் பயந்து ஏறினேனோ, அதே குழு அக்காமார்தான் பிரிச்சுக் கட்டினாங்க. முதல் நாளே வாய் திறந்து கேட்டிருந்தால் என் கை உடைஞ்சிருக்காதே!

அதனால் மூன்று விஷயம் கேட்கிறேன். மழை மாசத்தில் கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்குத் தவணையில் அவகாசம் தரலாம் என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். 1994-இலேயே நம்ம மாநிலத்தில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்துவிட்டது. உங்கள் குழுவில் யார் பதியவில்லை, யார் புதுப்பிக்கவில்லை என்று பாருங்கள். மூன்றாவது, வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்புக்கு வேலை கொடுப்பவரே பொறுப்பு என்று 1996-ஆம் வருஷமே சட்டம் வந்துவிட்டது. ஒருத்தி கேட்டால் வேலை போகும். பத்துப்பேர் சேர்ந்து, "சாரத்தைச் சரியாக் கட்டுங்க, ஏறுறோம்" என்றால் பத்துப்பேரையும் அனுப்பிவிட்டு மேஸ்திரி யாரை வைத்துக் காங்கிரீட் போடுவார்?

கடனை அடுத்த வாரம் கட்டிக்கலாம். விழுந்தபிறகு எழுந்திருப்போமா என்பது நம் கையில் இல்லை.