பெயரும் பெயருக்குரியாரும்



குறுந்தொகைப் புலவர் சிலரின் இயற்பெயர் கிட்டாமையால் பாட்டின் தொடரே பெயராயிற்று; செம்புலப்பெயனீரார் அவ்வகையினர். அறிவியற் சிறுகதையில் நிலை வேறு. பெயர் உண்டு, பெயருக்குரியார் பிறிதொருவர்.

குமுதத்தில் ரா. கி. ரங்கராஜன் இருந்தமையால் எஸ். ரங்கராஜன் தம் துணைவியார் பெயரைப் பூண்டு ‘சுஜாதா’ ஆனார். அந்த ரா. கி. ரங்கராஜனும் ‘மாலதி’யாக எழுதியவரே!

மராத்தியில் 1974இல் விஞ்ஞான பரிஷத் நடத்திய போட்டிக்கு நாராயண் விநாயக் ஜக்தாப் என்பவரின் கதை வந்து முதற்பரிசு பெற்றது. எழுதியவர் வானியலறிஞர் ஜயந்த் விஷ்ணு நார்லிகர். முதலெழுத்துகளைத் தலைகீழாக்கியதோடு, கையெழுத்து காட்டிக்கொடுக்குமென்று துணைவியாரைக் கொண்டு படியெடுத்தும் அனுப்பினார்.

அமெரிக்காவின் ஜேம்ஸ் டிப்ட்ரீ செய்தியே நின்று எண்ணத்தக்கது. அவர் நடை ஐயமின்றி ஆண்மகனுடையது என்று 1975இல் முன்னுரை வரைந்தார் ராபர்ட் சில்வர்பெர்க். மறு ஆண்டு டிப்ட்ரீ தம் தாயின் மறைவைக் கடிதத்தில் குறித்தார். வாசகர்கள் சிகாகோ நாளிதழ்களின் இரங்கற்குறிப்பைத் தேடினர். மறைந்த மேரி ஹேஸ்டிங்ஸ் பிராட்லிக்கு ஒரே மகள். பெயர் ஆலிஸ் ஷெல்டன்.

நடையை நோக்கி ஆண், பெண் எனப் பிரித்தெழுதுமாறு மாணவரைப் பணிக்கும் வழக்கம் நம் வகுப்பறைகளிலும் உண்டு. சங்கப் பெண்பாற் புலவர் எத்துணையர் என்பதிலோ அறிஞர் கணக்கு இன்றும் ஒன்றுபடவில்லை. சில்வர்பெர்க் தம் பிழையைப் பின்னர் அச்சிலேயே ஒப்புக்கொண்டார்.