ஊரை விடலாம், ஆளை விடலாமா?

ஆய்வுரையின் இறுதியில் நூற்பட்டியல் ஒன்றைச் சேர்ப்பது எதற்காக? படிப்பவர் அந்நூல்களைத் தாமே தேடிக் கண்டடைவதற்காகவேயாகும். அந்நோக்கத்திற்கு உதவாத குறிப்பு வெறுஞ்சுமையே.

முன்னாளில் பதிப்பகத்தின் ஊர்ப்பெயரையும் எழுதினோம். அவ்வூருக்குக் கடிதம் விடுத்து நூலை வரவழைக்க அது பயன்பட்டது. இன்றோ ஒரே பதிப்பகம் பல நாடுகளில் இயங்குகிறது. ஆதலின் அமெரிக்க நவீன மொழிச் சங்கம் 2016இலும், அமெரிக்க உளவியல் சங்கம் 2019இலும், சிகாகோ நடைக் கையேடு 2024இலும் ஊர்ப்பெயர் பொதுவாக வேண்டுவதில்லை என்று விதியைத் தளர்த்தின. ஆசிரியர், நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு ஆகிய நான்கும், மறுபதிப்பாயின் பதிப்பெண்ணும் இருந்தால் போதும்.

ஆயினும், நேயர்களே, சுருக்கம் வேறு, சிதைவு வேறு. தமிழர் பலருக்குக் குடும்பப்பெயர் என்பதே இல்லை. குடும்பப்பெயரை முதலில் நிறுத்துக என்னும் விதி அவர்களுக்கு எங்ஙனம் பொருந்தும்? மொழிபெயர்ப்புப் பணியில் ஒருமுறை ஒரு நூலைத் தேடி இரண்டு நாட்களை இழந்தோம். பட்டியலில் ஆசிரியரின் இடத்தில் நின்றது அவருடைய தந்தையின் பெயர்!

இயற்பெயர் முழுமையாக முன்னிற்கட்டும். தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாகத் தொடரட்டும். ஊரை விடலாம், ஆளை விடலாகாது.