ஓய்வில் தேயும் மின்கலம்



அக்டோபர் மாதம் பிறந்ததும் வட அமெரிக்காவில் குளிர்காற்று வீசத் தொடங்கும். கோடை முழுவதும் ஏரிக்கரைகளிலும் மலையடிவாரங்களிலும் பொழுதுபோக்கிய குடும்பங்கள் ஊர் திரும்புகின்ற காலம் அது. அவர்கள் தாம் தங்கியிருந்த வீட்டையும் உடன் கொண்டே திரும்புவார்கள். மோட்டார் காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லத்தக்க சிறு வீடு அது. படுக்கை, அடுப்பு, விளக்கு, தண்ணீர்த் தொட்டி யாவும் அதனுள் உண்டு. அங்கே அதனை டிராவல் டிரெய்லர் என்பர். நாம் இந்தப் பேச்சில் வீட்டுவண்டி என்று சொல்லிக்கொள்வோம். இந்தியானா மாநிலத்து எல்க்கார்ட் நகரமும் அதன் சுற்றுப்புறமும் இவ்வண்டிகளைச் செய்வதில் பெயர் பெற்றவை.

ஊர் திரும்பிய வண்டியை வீட்டின் பின்புறத்திலோ வாடகைக் கொட்டகையிலோ நிறுத்திவிடுவார்கள். குழாய்களில் நீர் உறைந்து வெடித்துவிடும் என்று அஞ்சி நீரை முழுவதும் வடித்துவிடுவார்கள். சமையல் வாயுவை அடைப்பார்கள், கதவைப் பூட்டுவார்கள். பிறகு ஐந்தாறு மாதங்கள் அந்த வண்டியை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வசந்தம் வந்ததும் மகிழ்ச்சியோடு கதவைத் திறந்து விளக்கின் பொத்தானைத் தட்டுவார்கள். விளக்கு எரியாது. நிறுத்தியபோது நன்றாக இருந்த பாட்டரி, யாரும் தொடாமலே மாண்டுபோயிருக்கும். வேலையே செய்யாத ஒரு பொருள் எப்படிச் சாகும்? இன்று நாம் ஆராயப்போகும் கேள்வி இதுதான்.

விளக்கு எரியாமற்போவது சிறு நஷ்டம். பெரிய நஷ்டம் வேறொன்று உண்டு. பெரும்பாலான வீட்டுவண்டிகளின் சக்கரங்களில் மின்காந்தத்தால் இயங்கும் பிரேக்குகள் இருக்கின்றன. ஓடும்போது இணைப்பு அறுந்து வண்டி காரைவிட்டுப் பிரிந்துவிட்டால் என்ன ஆகும்? அதற்கென்றே ஒரு காவல் ஏற்பாடு உண்டு. காருடன் கட்டப்பட்ட மெல்லிய கம்பிக் கயிறு ஒன்று வண்டியிலுள்ள ஒரு முளையை இழுத்துவிடும். உடனே வண்டியின் சொந்தப் பாட்டரியிலிருந்து மின்சாரம் பிரேக்குகளுக்குப் பாயும். சக்கரம் ஒன்றுக்குச் சுமார் 3 ஆம்பியர் வேண்டும். வணிக வாகனங்களைப் பற்றிய அமெரிக்க மத்திய அரசின் விதி, இத்தகைய பிரேக்குகள் குறைந்தது 15 நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும் என்கிறது. பாட்டரி செத்திருந்தால், டன் கணக்கான எடையுள்ள வண்டி, தடுப்பார் இன்றிச் சாலையில் உருண்டோடும். எதிரே வருபவர் யாராயிருந்தாலும் அவர் உயிருக்கு ஆபத்துதான். ஆகவே, பாட்டரியைப் பேணுவது சொந்த வசதியைப் பற்றிய காரியம் மட்டுமன்று. பிறர் உயிரைப் பற்றிய கடமையும் ஆகும்.

இனி, அந்தப் பாட்டரியின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 1859ஆம் ஆண்டில் காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றோடொன்று தொடாதபடி சுருட்டி, நீர்த்த கந்தகாமிலத்தில் அமிழ்த்தினார். அதனுள் மின்சாரத்தைச் செலுத்தியபோது தகடுகள் மாறுதலடைந்தன. பின்னர் அதே கலம் மின்சாரத்தைத் திருப்பித் தந்தது. மீண்டும் மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தத்தக்க சேமக்கலம் இவ்வாறு பிறந்தது. 1881இல் காமில் ஃபோர் என்பவர் ஈயச் சேர்மங்களைக் களிம்பாகத் தகட்டில் பூசும் முறையைப் புகுத்தி, அதன் கொள்ளளவைப் பெருக்கினார். இன்றைக்கும் எண்ணற்ற கார்களும் வீட்டுவண்டிகளும் இவ்விருவரின் வழிவந்த கலங்களையே சுமந்து செல்கின்றன.

மின்னேற்றம் பெற்ற நிலையில் நேர்த்தகட்டில் பழுப்பு நிறமான ஈய டையாக்சைடும், எதிர்த்தகட்டில் கடற்பஞ்சு போன்ற ஈயமும் இருக்கும். மின்சாரத்தை நாம் எடுக்க எடுக்க, இரண்டு தகடுகளின்மேலும் ஈய சல்பேட் படியும். அதற்கு வேண்டிய சல்பேட் அமிலத்திலிருந்து வருவதால், அமிலம் வலுவிழந்து நீராகிக்கொண்டே போகும். மின்னேற்றம் செய்தால் யாவும் பழைய நிலைக்குத் திரும்பும். கலம் ஒன்றுக்குச் சுமார் 2.1 வோல்ட், ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 12.6 வோல்ட். இதனையே நாம் 12 வோல்ட் பாட்டரி என்கிறோம்.

இங்கே கவனிக்கவேண்டிய உண்மை ஒன்று உண்டு. கம்பிகளைக் கழற்றி வைத்தாலும் அமிலமும் ஈயமும் ஒன்றையொன்று விட்டு விலகுவதில்லை. தகடுகளுக்கும் அமிலத்துக்கும் இடையே மெல்லிய இரசாயன மாறுதல் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. சாதாரண ஈயப் பாட்டரி இதமான வெப்பநிலையில் மாதத்துக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சேமிப்பைத் தானாகவே இழந்துவிடுகிறது. வெப்பநிலை 10 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால் இந்த இழப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். ஓட்டைப் பானையில் ஊற்றிய நீரைப் போல் அது சிறிது சிறிதாகக் கசிகிறது.

பானையின் ஓட்டை இது ஒன்றே என்று எண்ணிவிடாதீர்கள். வண்டிக்குள்ளே சமையல் வாயுக் கசிவைக் கண்டு ஒலியெழுப்பும் கருவி இருக்கும். வானொலிப் பெட்டியின் கடிகாரம் இருக்கும். எல்லாப் பொத்தான்களையும் அணைத்துவிட்டோம் என்று உரிமையாளர் நம்பியிருக்கும்போதும் இவை மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். இவை யாவும் சேர்ந்து ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே எடுப்பதாகக் கொள்வோம். ஒரு நாளுக்கு 24 மணி. ஆகவே நாளொன்றுக்கு 2.4 ஆம்பியர்-மணி. பாட்டரியின் கொள்ளளவு 100 ஆம்பியர்-மணி என்றால், இருபது நாட்களில் 48 போய்விடும். நாற்பது நாட்களில் ஏறக்குறைய யாவும் தீர்ந்துவிடும். ஐந்து மாதக் குளிர்காலத்தில் இரண்டாவது மாதம் முடியுமுன்னே கலம் வறண்டுவிடுகிறது.

வறண்ட பாட்டரியைப் பின்னால் நிரப்பிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அங்கேதான் இடர்ப்பாடு. புதிதாகப் படிந்த ஈய சல்பேட் நுண்ணிய துகள்களாக இருக்கும். மின்னேற்றம் செய்தவுடன் கரைந்து மறையும். வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால் சிறு படிகங்கள் கூடிப் பெரும் படிகங்களாக இறுகிவிடும். இறுகிய படிகம் மின்சாரத்துக்கு எளிதில் இசைவதில்லை. தகட்டின் பரப்பு அடைபட்டுப்போவதால் கலத்தின் கொள்ளளவு நிரந்தரமாகக் குன்றுகிறது.

இரண்டாவது ஆபத்து உறைபனி. முழுதும் மின்னேற்றம் பெற்ற கலத்தின் அமிலம் 0 டிகிரிக்குக் கீழே 50 டிகிரி சென்டிகிரேடு வரை சென்றாலும் உறையாது. மின்சாரம் தீர்ந்த கலத்தின் அமிலமோ பெரும்பாலும் நீர். 0 டிகிரிக்குக் கீழே 10 டிகிரி அளவிலேயே உறையத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் மின்னசோட்டாவிலும் கனடாவின் மனிடோபாவிலும் குளிர்கால இரவுகள் இதனினும் மிகக் கடுமையானவை. உறைந்த நீர் விரிவடைந்து தகடுகளை வளைக்கும், பெட்டியைப் பிளக்கும். அப்படி உறைந்த பாட்டரிக்கு ஒருபோதும் மின்னேற்றம் செய்யலாகாது, அது வெடிக்கக்கூடும்.

இதில் ஒரு வியப்பைக் காணுங்கள். நிறைந்த கலத்துக்குக் குளிர் பகையன்று. கம்பியைக் கழற்றி வைத்தால் குளிரில் அதன் கசிவு மிகவும் குறைந்துவிடுகிறது. வெறுமைதான் அதற்குப் பகை. மாறாக, குளிர்காலத்தை அரிசோனாவில் கழித்துவிட்டுக் கோடையில் வண்டியை அங்கேயே விட்டு வடக்கே செல்வோர் உண்டு. கோடையில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அங்கே உறைபனி இல்லை. எனினும் கசிவு பன்மடங்கு விரைவாக நடக்கும்.

சரி, கலத்தின் நிலையை எப்படி அறிவது? மின்னேற்றம் நிறுத்திச் சில மணி நேரம் கழிந்தபின் வோல்ட் மானியால் அளக்கவேண்டும். 12.6 அல்லது அதற்குமேல் காட்டினால் கலம் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால் பங்கு; 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கே மீதி. நிறைவுக்கும் கால் பங்குக்கும் இடையே அரை வோல்ட் சொச்சமே வேறுபாடு என்பதைக் கவனியுங்கள். ‘12 வோல்ட் காட்டுகிறது, நன்றாகத்தான் இருக்கிறது’ என்று ஏமாந்து போகிறவர்கள் பலர். மூடி திறக்கும் வகைப் பாட்டரியானால் திரவமானியால் அமிலத்தின் ஒப்படர்த்தியையும் அளக்கலாம். நிறைந்த கலத்தில் அது 1.265 அளவில் இருக்கும். 12.4க்குக் கீழே இறங்க விடாமல் அவ்வப்போது நிரப்பி வந்தால் படிகம் இறுக இடமே இராது.

காப்பதற்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழி எளியது. பாட்டரியை முழுதும் நிரப்பி, எதிர்முனைக் கம்பியை முதலிலும் நேர்முனைக் கம்பியைப் பின்னரும் கழற்றி, குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை அளந்து பார்ப்பது. வண்டியிலேயே ஒரு துண்டிப்பான் இருக்கலாம். ஆனால் பல வண்டிகளில் வாயுக் காவல் கருவி அதைக் கடந்து நேரே பாட்டரியோடு இணைந்திருக்கும். ஆகவே கம்பியையே கழற்றுவதுதான் நிச்சயமான வழி.

இரண்டாவது வழி, மின்வசதி உள்ள இடத்தில், தானே நிதானித்து இயங்கும் மின்னேற்றியை இணைத்து வைப்பது. அது முதலில் கலத்தை நிரப்பும். நிரம்பியதும் அழுத்தத்தை 13.5 வோல்ட் அளவுக்குத் தணித்து, கசிகிற அளவை மட்டும் ஈடுசெய்யும். இத்தகைய கட்டுப்பாடு இல்லாத பழைய கருவியை மாதக்கணக்கில் இணைத்து விடுவது, வறளவிடுவதைப் போலவே தீங்கானது. அளவுக்கு மீறிய மின்னேற்றம் நீரைப் பிராணவாயுவாகவும் ஹைடிரஜனாகவும் பிரித்துவிடும். தகடுகள் அமிலத்துக்கு வெளியே தலைகாட்டி அழியும். காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றி மட்டத்தைக் காக்கவேண்டும். ஹைடிரஜன் காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே ஒரு சிறு பொறியில் தீப்பற்றும். எனவே மூடிய அறையில் மின்னேற்றம் செய்யலாகாது.

மூன்றாவது வழி சூரியன். மின்வசதி இல்லாத திறந்த வெளியில் நிறுத்தியவர்கள் வண்டியின் கூரைமேல் சூரிய ஒளித் தகடு ஒன்றை வைக்கிறார்கள். 10 வாட் தகடு நல்ல வெயிலில் ஏறக்குறைய அரை ஆம்பியர் தரும். நான்கு மணி நேர வெயிலுக்கு 2 ஆம்பியர்-மணி. சற்று முன் நாம் கண்ட செலவோ 2.4. வரவைவிடச் செலவு மிகுதி! ஆகவே ஒன்று, கம்பியைக் கழற்றிச் செலவைக் குறைக்க வேண்டும்; அல்லது 20 வாட் தகடு வைத்து வரவைப் பெருக்க வேண்டும். இடையே ஒரு கட்டுப்படுத்தும் கருவியும் இன்றியமையாதது. வடபகுதிக் குளிர்காலத்தில் பகல் குறுகும், தகட்டைப் பனி மூடும் என்பதையும் மறக்கலாகாது.

பாட்டரியைச் சிமிட்டித் தரையில் வைத்தால் மின்சாரம் தரைக்குள் இறங்கிவிடும் என்றொரு நம்பிக்கை அங்கே நிலவுகிறது. முற்காலத்து மரப்பெட்டிகளிலும் ரப்பர்ப் பெட்டிகளிலும் ஈரமும் அமிலமும் கசிந்த நாளில் அந்த எச்சரிக்கைக்குப் பொருள் இருந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது. தரையில் வைத்த பாட்டரி செத்தது தரையால் அன்று, கவனிப்பார் இன்மையால். அண்மைக் காலத்தில் ஈயத்துக்குப் பதிலாக லித்தியம் பாட்டரிகளும் வீட்டுவண்டிகளில் இடம்பெறுகின்றன. அவற்றின் இயல்பு வேறு: ஏறக்குறைய பாதி நிரப்பி வைப்பதே அவற்றுக்கு நலம், 0 டிகிரிக்குக் கீழே அவற்றுக்கு மின்னேற்றம் செய்யலாகாது. ஒன்றுக்குச் சொன்ன விதியை மற்றொன்றுக்குப் பொருத்துவது அறிவுடைமையாகாது.

நம் நாட்டில் வீட்டுவண்டிகள் அரிது. ஆனால் பிளாண்டேயின் கலம் நம் வீட்டிலும் இருக்கிறது. மின்தடை நேரத்தில் விளக்கெரிக்கும் இன்வெர்ட்டரிலும், வாசலில் நிற்கும் காரிலும் அது அமர்ந்திருக்கிறது. நம் கோடை அரிசோனாவின் கோடையோடு உறவு கொண்டது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். விடுமுறைக்கு வெளியூர் சென்று இரண்டு மாதம் கழித்துத் திரும்பும் வீட்டில், தொடப்படாத கார் அசையாமற்போவதற்கு நாம் கண்ட காரணங்களே காரணம். அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒரு வண்டியை நெடுநாள் நிறுத்தும்போது, பெரியவர்களின் துணையோடு வோல்ட் மானியை வைத்து வாரந்தோறும் அளந்து, எண்களை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஓய்வில் இருப்பதாக நாம் எண்ணிய ஒரு பொருள் ஓயாமல் மாறிக்கொண்டிருப்பதை அந்த எண்களே உங்களுக்குக் காட்டும். 12.4ஐ நெருங்கும் நாளில் நீங்களே எழுந்து சென்று மின்னேற்றியை இணைப்பீர்கள்.