படகில்லாதவருக்கு என்ன கணக்கு?



தாமல் ஏரிக்கு இவ்வளவு அருகில் உட்கார்ந்துகொண்டு எண்ணெயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். நம் ஊர்ப்பக்கத்துப் பெயரைத் தாங்கிய ஒரு கப்பலிலிருந்தே தொடங்குகிறேன். 2017 ஜனவரி 28 விடியற்காலை, எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு அப்பால் 'டான் காஞ்சிபுரம்' என்ற எண்ணெய்க் கப்பலும் 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற எரிவாயுக் கப்பலும் மோதின. கசிவே இல்லை என்றார்கள் முதலில். பிறகு எர்ணாவூர்க் கரையில் எண்ணெய் கெட்டிக் குழம்பாக ஒதுங்கியது. அதை வாளியால் அள்ளினார்கள். ராக்கெட் விடும் நாட்டில் வாளி!

பாடம் கற்றோமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலி சென்னை பெட்ரோலிய நிறுவன வளாகத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் கலந்தது. இந்த முறை மீனவர்களே படகில் போய்க் குவளையால் மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். பலர் கையில் உறைகூட இல்லை.

அரசு நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. கொடுத்ததைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் எதை வைத்து எண்ணினார்கள் என்று பாருங்கள். படகு கண்ணுக்குத் தெரியும், எண்ணிவிடலாம். எண்ணூர்க் கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைத் துழாவி, வெறுங்கையால் இறால் பிடிக்கும் இருளர் இருக்கிறார்கள். சீர்செய்ய அவர்களிடம் படகு கிடையாது. அவர்கள் இழந்தது அந்தச் சேற்றை. அதற்கு எந்த அலுவலகத்தில் விலைப்பட்டியல் இருக்கிறது?

இப்படிக் கணக்கில் விடுபடுவது நமக்குப் புதிதல்ல. மேற்கே வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்ற நம் பாலாற்று வழக்கும் ஒரு காரணம். இழப்பைக் கணக்கிட ஆணையம் வந்தது. 2001-இல் இழப்பீடும் நிர்ணயித்தது. அந்தப் பணத்தை முழுமையாகக் கொடுத்துத் தீருங்கள் என்று 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. நிலம் வைத்திருந்தவர் பாடே இப்படியென்றால், அதே பாலாற்றங்கரைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த நிலமற்ற கூலியாளும் நெசவாளியும் எங்கே போய்ச் சொல்வார்கள்?

கணக்கில் எண்ணப்படாதவர்களிடம் கருத்துக் கேட்பதும் இல்லை. காவிரி டெல்டாவிலுள்ள கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியபோது, நியாயம் கேட்டவர்களுக்குக் கிடைத்தது தடியடியும் சிறையும். 2020 ஜனவரியில் மத்திய அரசு, எண்ணெய் தேடும் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று விதியைத் திருத்தியது. அடுத்த மாதமே காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழகம் சட்டம் செய்தது. நல்ல சட்டம்தான். ஏற்கெனவே இயங்கும் கிணறுகளை அது தொடவில்லை. எண்ணூர் அதன் எல்லைக்குள் இல்லை.

சேதம் வந்தபிறகு பட்டியல் எழுதினால் அதிகாரி கண்ணில் பட்டவரே அதில் இருப்பார். ஆகவே உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த கிராம சபையில் இந்தத் தாமல் ஏரியை நம்பிப் பிழைப்பவர் எல்லோருடைய பெயரையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள்: பாசனக்காரர் மட்டுமல்ல, மீன் பிடிப்பவர், மாடு மேய்ப்பவர், புல் அறுப்பவர், துணி வெளுப்பவர். பட்டா இருக்கிறதா என்று அங்கே கேட்க வேண்டாம்.