மாலை நேரத்து மைதானம் யாருக்கு?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்த நண்பர், "வேலைவாய்ப்பு பத்தி ஏதாச்சும் பேசுப்பா" என்றார். அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் வந்திருக்கிறார்கள். நான் கூடைப்பந்து பற்றிப் பேசப்போகிறேன். "படிக்கிறப்பவும் இவன் கிரவுண்டுலதான் கிடந்தான், இப்பவும் அதேதானா" என்று பின்வரிசையில் ஒருவர் சொல்வது காதில் விழுகிறது. குரலை வைத்தே ஆளைத் தெரியும். கவலைப்படாதீர்கள், சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுவேன். பிரியாணியை ஆறவிட்டால் திண்டுக்கல்காரன் மன்னிக்க மாட்டான்.

2017-ஆம் ஆண்டு ஜூலை 23. லார்ட்ஸ் மைதானத்தில் பெண்கள் உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டம். இந்தியா 9 ரன்னில் இங்கிலாந்திடம் தோற்றது. நாம் எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்து நகம் கடித்தோம். அதே நாளில் பெங்களூரில் இன்னொரு போட்டி தொடங்கியது. பெண்கள் ஆசியக் கோப்பை கூடைப்பந்து. இந்திய அணி இரண்டாம் நிலையான 'பி' பிரிவில் ஆடியது. ஜூலை 29 இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்ற கணக்கில் வென்று, ஆசியாவின் முதல் எட்டு அணிகள் ஆடும் 'ஏ' பிரிவுக்கு உயர்ந்தது. வெறும் இரண்டு புள்ளி. ஒரே ஒரு கூடை!

அன்று சனிக்கிழமை. நான் அப்போது பெங்களூரில்தான் வேலையில் இருந்தேன். கண்டீரவா அரங்கத்துக்கு ஒரு பஸ் ஏறினால் போதும். நான் போகவில்லை. போட்டி நடப்பதே எனக்குத் தெரியாது. கூடைப்பந்து பைத்தியம் என்று பெயர் வாங்கிய எனக்கே தெரியாது என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்?

அந்தக் காலத்து இந்திய அணியின் அனுபவசாலி நம்ம தமிழ்நாட்டுப் பெண். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை. 2000 முதல் 2017 வரை நாட்டுக்காக ஆடியவர். பத்தொன்பது வயதில் அணித்தலைவி. ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஒன்பது முறை ஆடியவர். திருமணமாகி, குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்து ஆடினார். 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விருது அறிவித்த அன்று "யாருப்பா இந்த அனிதா?" என்று கேட்டவர்கள் தமிழ்நாட்டிலேயே நிறையப் பேர்.

இன்னொருவர் கீது அன்னா ஜோஸ். கேரளத்துக்காரர், சங்கனாச்சேரி அஸம்ப்ஷன் கல்லூரியில் படித்தவர். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் கிளப்புக்காக ஆடினார். 2011-இல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் தேர்வுக்கு அழைத்தன. இந்த இருவருக்கும் சோறு போட்டது தெற்கு ரயில்வே வேலை. நம் நாட்டில் பெண்கள் கூடைப்பந்து உயிரோடு இருப்பதற்கு ரயில்வே ஒரு பெரிய காரணம்.

சரி, 'ஏ' பிரிவுக்குப் போன பிறகு என்ன ஆயிற்று? அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2019-இல் அதே பெங்களூரில் போட்டி. ஜப்பானிடம் 103-27 என்று தோற்றோம். எட்டு அணிகளில் எட்டாம் இடம். 2021-இல் ஜோர்டான் தலைநகர் அம்மானில் மறுபடியும் கடைசி இடம். 'பி' பிரிவுக்கே திரும்பி வந்தோம்.

தோல்விக்கு எல்லோரும் சொல்கிற காரணம் ஒன்றுதான்: "நம்ம பொண்ணுகளுக்கு உயரம் பத்தாது." நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நம்மை 76 புள்ளி வித்தியாசத்தில் அடித்த ஜப்பான் பெண்களைப் பாருங்கள். அவர்களின் சராசரி உயரம் சுமார் 176 செ.மீ. உலகப் போட்டிகளில் அது குட்டையான அணி. அந்தக் குட்டையான அணிதான் டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், வெள்ளிப் பதக்கம் வாங்கியது. காலிறுதியில் பெல்ஜியத்தை 86-85 என்று வென்றார்கள். இறுதியில் அமெரிக்காவிடம் 90-75 என்றுதான் தோற்றார்கள். உயரத்துக்குப் பதிலாக அவர்கள் நம்பியது ஓட்டத்தையும் தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளிக் கூடையையும். 6.75 மீட்டருக்கு அப்பால் நின்று ஓயாமல் போட்டுப் பழகினார்கள். ரிங் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். பழகின கைக்கு அது எட்டும்.

ஒரு இன்ஜினியராக இதை நான் கணக்காகப் பார்க்கிறேன். உயரம் கடவுள் கொடுப்பது. பயிற்சி நேரம் நாம் கொடுப்பது. இங்கேதான் நான் நம் கல்லூரிக்குத் திரும்பி வருகிறேன்.

நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது நம் கல்லூரிப் பெண்கள் அணியில் பத்துப் பேர் இருந்தார்கள். அதில் ஏழு பேர் வீட்டிலிருந்து வருபவர்கள். நத்தம், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு என்று நாலு திசையிலும் ஊர். கடைசி வகுப்பு முடிந்து கால் மணி நேரத்தில் கல்லூரிப் பேருந்து கிளம்பிவிடும். அதை விட்டால் டவுன் பஸ் பிடித்து, பஸ் ஸ்டாண்டு போய், அங்கிருந்து ஊர் பஸ். மழைக்காலத்தில் வீடு சேரும்போது இருட்டிவிடும். அதனால் அவர்களுக்குக் கிடைத்தது மதிய உணவு இடைவேளையில் முப்பது நிமிடம். நம்ம ஊர் வெயிலில், சிமெண்ட் தரையில்! பந்தும் ஆண்கள் ஆடும் ஏழாம் நம்பர் பந்து. பெண்களுக்கு ஆறாம் நம்பர், அது கொஞ்சம் சிறியது, எடையும் குறைவு. ஏழில் பழகிவிட்டுப் போட்டியில் ஆறைத் தொட்டால் கை கணக்கு தப்பும்.

எங்களுக்கோ தினமும் மாலை இரண்டு மணி நேரம்.

ஒருநாள் அந்த அணியின் தலைவி எங்களிடம் வந்து கேட்டாள். மண்டலப் போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. "வீட்ல சொல்லிட்டு வந்துட்டோம், அப்பாமாருங்க வந்து கூட்டிட்டுப் போறாங்க. சாயங்காலம் அரை மணி நேரம் மட்டும் கோர்ட்டைக் குடுங்கப்பா" என்றாள். நாங்கள், "இந்த ஒரு கேம் முடிஞ்சிரட்டும்" என்றோம். அந்தக் கேம் முடிந்ததும் இன்னொரு கேம். அவர்கள் கோட்டுக்கு வெளியே பையை வைத்துக்கொண்டு நின்றார்கள். இருட்டிவிட்டது. கேட்டுக்கு வெளியே மூன்று டி.வி.எஸ். 50 நின்றது. அப்பாமார்கள் வந்துவிட்டார்கள். மறுநாள் யாரும் கேட்க வரவில்லை.

மண்டலப் போட்டியில் மூன்று குவார்ட்டர் வரை நம் பெண்கள் முன்னிலை. நாலாவது குவார்ட்டரில் கால் நகரவில்லை. தோற்றார்கள். திரும்பி வந்தபோது நான் கிண்டலாக ஏதோ சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "ஏப்பா, எங்களுக்கு ஆடத் தெரியாமத் தோக்கல. மூச்சு வாங்கிருச்சு, அம்புட்டுத்தான்" என்றாள்.

அந்தத் தோழியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இந்தப் பந்தலில் இருந்தாலும் இருக்கலாம். இருந்தால், இத்தனை வருஷம் கழித்து எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த ஒரு கேமை நாங்கள் ஆடியிருக்கக் கூடாது.

2019-இல் 103-27 என்று செய்தி படித்தபோது எனக்கு அந்த நாலாவது குவார்ட்டர்தான் ஞாபகம் வந்தது. இந்திய அணியில் இருப்பது பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேர் வானத்திலிருந்து குதிப்பதில்லை. நம்மைப் போன்ற பல நூறு கல்லூரி மைதானங்களிலிருந்துதான் மேலே வர வேண்டும். அங்கே நாம் 'இந்த ஒரு கேம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் மேலே யார் போவார்கள்?

நேற்று மாலை மைதானத்தைப் போய்ப் பார்த்தேன். சிறுமலைக் காற்று அப்படியே இருக்கிறது. போர்டு புதிதாக இருக்கிறது. ஆடிக்கொண்டிருந்தது பையன்கள் மட்டும். பேருந்தும் பழைய நேரத்துக்கே கிளம்பியது.

முன்னாள் மாணவர் சங்கத்திற்கு என் வேண்டுகோள் இதுதான். இந்த ஆண்டு நன்கொடையில் நுழைவாயில் வளைவு கட்டலாம் என்று பேச்சு இருக்கிறது. வளைவு அடுத்த ஆண்டு கட்டுவோம். முதலில் மைதானத்துக்கு நாலு விளக்குக் கம்பம் போடுவோம். வாரத்தில் மூன்று நாள் மாலை மைதானம் பெண்களுக்கு என்று எழுதிப் போர்டு வைப்போம். அந்த மூன்று நாளும் ஆறரை மணிக்கு இரண்டாவது பேருந்து ஒன்று கிளம்பட்டும். டீசல் செலவைச் சங்கம் ஏற்கட்டும். ஆறாம் நம்பர் பந்து ஆறு வாங்குவோம். மின் வேலைக்கான திட்டமும் மதிப்பீடும் நான் போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம்.

தம்பிகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. பெரியகுளத்தில் கோடையில் நடக்கும் அகில இந்தியப் போட்டியை வத்தலக்குண்டு பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள், ஆட்டம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் தங்கச்சிமார் வந்து கோட்டோரம் நின்றால், கேம் பாதியில் இருந்தாலும் பந்தைக் கொடுத்துவிடுங்கள்.

தங்கைகளே, உங்களுக்கு நான் அறிவுரை சொல்லத் தகுதியானவன் இல்லை. விளக்கு வரும். வந்து ஆடுங்கள்.